ஐம்பத்திரண்டு பேர் பட்டியல்

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பின்னால், போட்டோ ஸ்டூடியோவுக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஓர் அறை. அதில் ஞானசுந்தரி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். போர்டு கிடையாது. கதவைத் திறந்து வைத்தால் சத்தமே போர்டு. மனு, பத்திர நகல், பள்ளிக்கூட விண்ணப்பம், புருஷன் மேல் புகார், அந்தப் புகாரைத் திரும்பப் பெறும் கடிதம் என்று எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பாள். கடைசி இரண்டும் பெரும்பாலும் ஒரே பெண், ஒரே வாரத்தில் வந்து கேட்பது.

அதற்கு முன் இருபத்தோரு வருஷம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். அவளுடைய அப்பா மாதா கோவிலில் மணியடிப்பவர். மகளைக் கன்னியாஸ்திரிகளின் தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார். ஊசி அவள் கைக்கு அடங்கவில்லை. பக்கத்து அறையில் டைப் வகுப்பு நடந்தது. அங்கே போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கல்யாணம் இரண்டு தடவை பேச்சளவில் வந்து நின்றுபோனது. அவள் வாய்தான் காரணம் என்று அம்மா சொல்வாள். வாய்க்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சீரா செய்யப்போகிறார்கள் என்று ஞானசுந்தரி கேட்பாள். அம்மா சொன்னது சரிதான் என்று தெரிகிறது.

எஸ்டேட் மேனேஜர் சொல்வது ஒன்று, அவள் அடிப்பது வேறொன்று. அவர் கோபத்தில் சொன்னதை மரியாதையாக மாற்றுவாள். தப்பான தேதியைத் திருத்துவாள். விட்டுப்போனதைச் சேர்ப்பாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கையெழுத்துப் போடும்போது அவர் படித்துப் பார்த்து, "நான் இப்படியா சொன்னேன்?" என்பார். பிறகு, "இதுதான் நல்லா இருக்கு" என்பார். இருபத்தோரு வருஷம் இப்படிப் பாராட்டு வாங்கினால் யாருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எஸ்டேட் கைமாறியபோது புது முதலாளி தன் ஆளைக் கொண்டுவந்தார். ஞானசுந்தரியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை அவளேதான் அடித்தாள். அதிலும் இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.

1986 மார்ச்சில் வெங்கடாசலம் அவளைத் தேடி வந்தார். மாரமங்கலத்திலிருந்து நாலு மைல் இறங்கினால் வரும் கடுக்காமரத்தூர்க்காரர். ஐம்பது வயது. அந்த ஊர்ச் சிறு விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். தலைவர் என்றால், சங்கத்தின் ரப்பர் முத்திரை அவருடைய இடுப்பு மடிப்பில் இருக்கும்; வேறு அதிகாரம் எதுவும் கிடையாது.

கூட ஒரு பெண்ணும் வந்திருந்தாள். பெயர் கண்ணாயி. புருஷன் போய் ஆறு வருஷம். முக்கால் ஏக்கரில் காப்பியும் அதன் நிழல்மரத்தில் மிளகுக் கொடியும் வைத்து ஒண்டியாகப் பாடுபடுகிறவள். வெங்கடாசலம் விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாயி நேராகப் பிடித்தாள்.

"பழத்தப் பறிச்ச அன்னைக்கே தோலு உரிக்கோணுமுங்க. வெச்சிருந்தா புளிச்சுப்போகும். எங்கூர்ல மிஷின் இல்லீங்க. பறிச்சதைப் பறிச்சபடியே தலையில வெச்சு நாலு மைலு ஏறி, மாரமங்கலத்து ரோட்டுக்குக் கொண்டுபோறமுங்க. அங்க ஏவாரி சொல்றதுதான் வெலை. திருப்பித் தூக்கிக்கிட்டு எறங்கமாட்டம்னு அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்."

வெங்கடாசலம் மடியிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து மேஜையில் விரித்தார். ஏதோ கூட்டத்தில் யாரோ கொடுத்தது. வெளிநாடு ஒன்றின் பொருளாதார ஒத்துழைப்பு நிறுவனம், மலைப்பகுதிச் சிறு விவசாயிகளின் திட்டங்களுக்கு நிதி தருகிறதாம். சென்னையில் அதற்கு ஒரு கிளை அலுவலகம். பழத்தின் தோல் உரிக்கிற பல்ப்பர் மிஷின் ஒன்று, கொட்டை காயப்போட சிமெண்டுக் களம் ஒன்று. ஊருக்கு வேண்டியது இவ்வளவுதான். அதற்கு விண்ணப்பம் இங்கிலீஷில் பதினாலு பக்கம், நாலு நகல்.

ஞானசுந்தரி பத்தொன்பது நாள் அதிலேயே கிடந்தாள். அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே எழுதி அடித்த முதல் காகிதம் அது. அதனால் அதன்மேல் அவளுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டாகிவிட்டது. 'தற்போதைய போக்குவரத்து முறை' என்று ஒரு கேள்வி. 'தலைச்சுமை, நாலு மைல், ஏற்றம்' என்று அடித்தாள். 'திட்டத்துக்கு எதிர்பார்க்கப்படும் அபாயங்கள்' என்று இன்னொன்று. வெங்கடாசலத்தைக் கேட்டாள்.

"காட்டெருமைங்க," என்றார் அவர்.

அவள் 'சந்தை விலையின் ஏற்ற இறக்கம்' என்று அடித்தாள். கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியல். வெங்கடாசலம் விரல்விட்டு எண்ணிச் சொல்லச் சொல்ல அவள் அடித்துக்கொண்டே போனாள். அந்த ஊரில் பேரனுக்குத் தாத்தன் பெயரைத்தான் வைப்பார்கள். பேத்திக்குப் பாட்டியின் பெயர். புதுப் பெயருக்கு அங்கே இடமே இல்லை. ஐம்பத்திரண்டு உறுப்பினர்களில் சித்தன் பதினாலு பேர், அங்கப்பன் பதினொன்று, வெங்கடாசலம் எட்டு, சின்னன் ஏழு. பெண்களில் காளியாயி ஆறு, முத்தாயி ஐந்து. கண்ணாயி மட்டும் ஒருத்தி. தகப்பன் பெயரோ, பெண்களுக்குப் புருஷன் பெயரோ கேட்டாலும் அதே கதை. சித்தன் மகன் அங்கப்பன், அங்கப்பன் மகன் சித்தன் என்று பக்கம் முழுவதும் நெய்துகொண்டே போயிற்று. டைப் அடிக்க வசதியாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் அவள் பார்க்காமலே அடித்தாள்.

மே மாதம் சென்னையிலிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி. 'உறுப்பினர் பட்டியலில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சரிபார்த்து, முப்பது நாட்களுக்குள் விளக்கத்துடன் பட்டியலை அனுப்பவும்' என்று இன்னொரு வரி.

நிதானமாகப் படிக்கிற யாருக்கும் இது ஒரு சாதாரணக் கேள்வி. 'பெயர்கள் சரியே, எங்கள் ஊர் வழக்கம் இது' என்று இரண்டு வரி எழுதினால் முடிந்தது. ஞானசுந்தரி நிதானமாகப் படிக்கவில்லை. அவளுக்கு அது குற்றச்சாட்டாகத் தெரிந்தது. பொய்ப் பட்டியல் என்று நினைத்துவிட்டார்கள். இதே பெயர்களைத் திரும்ப அனுப்பினால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தாள். ஊரில் கேட்கலாம் என்றால் சேர்வராயன் திருவிழா நேரம். கடுக்காமரத்தூர் மொத்தமும் மலை உச்சியில் கோவிலடியில் கிடந்தது. கூட்டத்தில் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது அவள் பழக்கமில்லை. திருத்துவதுதான் பழக்கம்.

எஸ்டேட்டிலிருந்து வரும்போது கார்பன் தாளுக்கு அடியில் வைக்க என்று பழைய செக்ரோல் காகிதங்களை எடுத்து வந்திருந்தாள். கூலி ஆட்களின் பெயர்கள் எழுதியவை. அதிலிருந்து பொறுக்கினாள். ராஜமாணிக்கம், குணசேகரன், பழனிவேல், துரைக்கண்ணு. தன் மதத்துப் பெயர்கள் வந்துவிடக்கூடாது என்பதில் மட்டும் வெகு கவனமாக இருந்தாள். தலைவர் வெங்கடாசலத்தையும் கண்ணாயியையும் விட்டுவிட்டு மற்ற ஐம்பது பேருக்கும் ஒரே மத்தியானத்தில் பெயர் சூட்டி முடித்தாள். அவள் மனசு அரிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஆட்கள் நிஜம், காடு நிஜம், காப்பி நிஜம். காகிதம் மட்டும் கொஞ்சம் அழகாயிற்று, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது வெங்கடாசலம் அந்த வழியாக வந்தார்.

"பேரையெல்லாம் கொஞ்சம் சரி பண்ணியிருக்கேனுங்க," என்றாள்.

"நீங்க பண்ணினா சரியாத்தானுங்க இருக்கும்," என்று மடியிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்திவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் அடுத்த கடிதம். திட்டம் கொள்கை அளவில் ஏற்கப்பட்டது. அக்டோபரில் அதிகாரி நேரில் வந்து உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்தித்த பிறகு நிதி வழங்கப்படும். முதல் வரியைப் படித்தபோது ஞானசுந்தரி சிரித்தாள். இரண்டாவது வரியைப் படித்ததும் பட்டியலின் நகலைத் தேடி எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாரமங்கலம் பஸ் ஏறி, இறங்கி, நாலு மைல் நடந்து கடுக்காமரத்தூர் போனாள். ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். யாரும் கோபிக்கவில்லை. அவர்கள் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலர் சிரித்தார்கள். துரைக்கண்ணு ஆகிவிட்ட ஒரு சின்னன், புதுச் சட்டை போட்டவன்போல எழுந்து எழுந்து உட்கார்ந்தான். எல்லாரிலும் மூத்த சித்தன் ஒருவர்தான் முகம் சுளித்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"எங்க தாத்தன் பேருங்க இது. எம்பட பேரனுக்கும் இதே பேருதான். நடுவால நான் மட்டும் ராஜமாணிக்கமாயிட்டா, தாத்தன் பேரன்கிட்ட எப்படீங்க வந்து சேருவாரு?"

"ஒரே ஒரு நாளைக்குத்தானுங்க பெரியவரே."

"ஒரு நாளுன்னாச் சரி," என்றார் அவர், அரை மனதாக.

மூன்று ஞாயிறு பாடம் நடந்தது. யார் எந்தப் பெயர் என்று அவளுக்கே குழம்பியதால் நம்பர் போட்டுக்கொண்டாள். பதினேழாம் நம்பர் எழுந்திருங்க, உங்க பேரென்ன? பழனிவேலுங்க. சாதுவாகப் படித்தார்கள். இவ்வளவு சிரமப்பட்டு மிஷின் வாங்கித் தருகிற பெண்மணிக்காக ஒரு பெயரைச் சுமக்க முடியாதா என்ன என்று கண்ணாயி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

அக்டோபரில் வெளிநாட்டு அதிகாரி வந்தார். நெட்டையாக, வெயிலில் சிவந்துபோன மூக்குடன் இருந்தார். மொழிபெயர்க்க சென்னையிலிருந்து ஒருவர் கூட வந்தார். ஜீப் மாரமங்கலத்தில் நின்றுவிட்டது. அதிகாரி நாலு மைலும் நடந்தே இறங்கினார், குறை சொல்லவில்லை. கோவில் முன்னால் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். மொழிபெயர்ப்பவர் பட்டியலைப் பார்த்துப் பெயர் படிக்க, ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். குணசேகரன் என்றபோது இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவரை வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மற்றபடி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஞானசுந்தரிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

பிறகு பெண்கள். முதல் காளியாயி எழுந்தாள். பட்டியலில் அவள் தமிழரசி. பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

"உங்க கணவர் பேர் என்னங்கம்மா?" என்றார் மொழிபெயர்ப்பவர்.

இதற்குப் பாடம் நடக்கவில்லை. கடுக்காமரத்தூரில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ஆபீசிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது கேட்டால், அதே பெயருள்ள இன்னொருவரைக் கைகாட்டுவாள். அந்த ஊரில் அது சுலபம். திரும்பிய பக்கமெல்லாம் அதே பெயரில் ஒருவர் இருப்பார். காளியாயியும் அப்படியே, பக்கத்தில் நின்ற ஆளைக் காட்டினாள்.

"அதா, அவருக்கு வெச்ச பேருதானுங்க எங்க ஊட்டுக்காரருக்கும்."

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். அவள் காட்டிய ஆள் குணசேகரன். அவள் புருஷன் என்று எழுதியிருந்தது ராஜமாணிக்கம். அடுத்தது முத்தாயி. அவளும் ஒருவரைக் காட்டினாள். அங்கேயும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது பெண், பழகிய கையாக, யாரும் கேட்கும் முன்பே ஒருவரைக் காட்டினாள். அதிகாரி ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு காப்பி குடித்தார். காப்பி அருமை என்றார். மலை அழகு என்றார். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறிப் போனார். ஊரார் சந்தோஷமாக இருந்தார்கள். துரை எப்படிக் கும்பிட்டார் என்று பிள்ளைகள் செய்து காட்டின. ஃபைல் மூடிய விதத்தைப் பார்த்தது ஞானசுந்தரி ஒருத்திதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. ஏழு வரி. அனுப்பப்பட்ட இரண்டு பட்டியல்களிலும் ஆட்களின் எண்ணிக்கை ஒன்று, பெயர்கள் வேறு, நேரில் விசாரித்ததில் இரண்டாவது பட்டியல் உண்மையல்ல என்று தெரிகிறது, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, மறுபரிசீலனைக்கு இடமில்லை. முதல் பட்டியலைப் பற்றி வெறும் விளக்கம்தான் கேட்டிருந்தோம் என்று ஐந்தாவது வரியில் இருந்தது. ஞானசுந்தரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அன்று முழுக்க அவள் மிஷினில் ஒரு எழுத்தும் விழவில்லை. போட்டோ ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மறுநாள் கடுக்காமரத்தூருக்கு இறங்கும்போது, என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். அந்த ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவள் சொல்வதுதான் கடிதம். நிறுவனத்திடம் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நோகாது. இதுவும் ஒரு திருத்தம்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஊர் எல்லையில் நின்றுவிட்டாள். களத்துக்கு என்று குறித்த இடத்தில் புதர் வெட்டி, பாறை உடைத்து, மண்ணைச் சமமாக்கி வைத்திருந்தார்கள். ஓரத்தில் கல் அடுக்கியிருந்தது. அதிகாரி போன மறுநாளே தொடங்கிவிட்டார்களாம். மிஷின் வந்தால் காத்திருக்கக் கூடாதே என்று.

சமமாக்கிய அந்த மண்ணிலேயே எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஞானசுந்தரி கடிதத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, படிப்பதுபோலவே சொன்னாள். அந்த நாட்டில் இந்த வருஷம் நிலைமை சரியில்லை. நிறுவனத்தில் பணம் தீர்ந்துவிட்டது. தர முடியவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

"பாவமுங்க," என்றார் மூத்த சித்தன். "அவ்வளவு தூரம் நடந்து வந்தாரு. பணமில்லாம அந்த மனுசன் என்ன பண்ணுவாரு?"

"ஆமாங்க," என்றாள் கண்ணாயி. "ஏனுங்க டைப்பம்மா, அவரு மனசு சங்கடப்படப் போகுது. நீங்க நொம்ப வருத்தப்படாதீங்க, இன்னொரு வருசம் பாத்துக்கலாம்னு ஒரு லெட்டரு அடிச்சுக் குடுங்க. அம்பத்திரண்டு பேரும் கையெழுத்து வெச்சு அனுப்பறமுங்க."

நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு சின்னன் மட்டும் கை தூக்கினான்.

"எந்தப் பேர்லீங்க கையெழுத்து வெக்கிறது?"

அவன் விகற்பமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஐம்பத்திரண்டு முகங்களும் ஞானசுந்தரியைப் பார்த்தன. பதில் அவளிடம்தானே இருக்கும். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்து அதைத் துடைத்துக்கொண்டாள். கடிதத்தை மறுபடி பிரித்து, இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி, ஏழு வரியையும் தமிழில் சொன்னாள். ஐந்தாவது வரியை விடவில்லை.

"நான் பண்ணின தப்புங்க. உங்க பேரையே எழுதி, இதுதான் எங்க வழக்கம்னு சொல்லியிருந்தா மிஷின் வந்திருக்கும். ஒரே பேரா இருந்தா நம்பமாட்டாங்கன்னு நானா மாத்தினேன்."

"ஒரே பேரா?" என்றாள் கண்ணாயி. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எங்கீங்க ஒரே பேரு? அவரு பலாக்காட்டுச் சித்தன். இவரு ஓடைமேட்டுச் சித்தன். அந்தா நிக்கிறது மொட்டைப்பாறைச் சித்தன். தேன்கூட்டுச் சித்தன், கெழக்கூட்டுச் சித்தன்…" மூச்சு விடாமல் பதினாலு சித்தனையும் சொல்லி முடித்தாள். "ஆளுக்கு ஒரு பேரு இருக்குதுங்களே. ஒருத்தரை ஒருத்தருன்னு நாங்க ஒருநாளும் மாத்திக் கூப்புட்டதில்லீங்க."

"நீங்க இத அப்பவே சொல்லலீங்களே."

"இங்கிலீசுல எங்க பேரு செல்லாதாட்ட இருக்குதுன்னு நெனச்சமுங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பம்."

திட்டியிருந்தால் ஞானசுந்தரி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். வாய் அவளுக்கு எப்போதும் துணை நின்றது. இப்போது கடிதத்தை மடித்துக்கொண்டாள்.

அவளை எழுந்து ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஊர்க் கூட்டம் பேச வேண்டுமாம். அடுக்கிய கற்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர்கள் ஒன்றும் ரகசியமாகப் பேசவில்லை. எல்லாமே காதில் விழுந்தது. தப்பு நடந்தது நிஜம். கடவுள் முன்னால் வேறு பெயருக்கு எழுந்து நின்றது அதைவிடப் பெரிய தப்பு. அதற்கு, எழுந்து நின்ற ஒவ்வொருவரும் கோவிலில் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். முத்திரை குத்திய வெங்கடாசலத்துக்கு ஐந்து தேங்காய். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டைப்பம்மாவை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு இழுத்தது.

"அசலூர்க்காரங்களுக்குத் தண்டம் போடற வழக்கம் நமக்கில்லை," என்றார் ஒருவர். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லி அனுப்பறதுதான் முறை."

"முறை அதுதான்," என்றார் இன்னொருவர்.

ஞானசுந்தரி கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பல்ப்பர் மிஷின் போய்விட்டது; அதை இனி யாரும் திருப்ப முடியாது. ஆனாலும் 'வராதீங்க' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது. ஏன் இப்படிப் பயப்படுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. சம்பளமா, சொந்தமா, இந்த ஊரில் அவளுக்கு என்ன இருக்கிறது?

பேச்சு நின்றது. மூத்த சித்தன் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தண்டம் போட்டிருக்குதுங்க," என்றார். "காடு வெச்சிருக்கறவங்களா இருந்தா தானியம் கேப்பம். உங்களுக்குக் காடு இல்லை. அதனால ஒரு நாளு சுமை. மிஷின் வராததுல நொம்ப நட்டம் ஒண்டியாப் பாடுபடற கண்ணாயிக்குத்தான். நாளைக்கு அவளோட ஒரு கூடை தூக்கிட்டுப் போயி ரோட்டுல எறக்கிக் குடுக்கோணும். சம்மதங்களா?"

"சம்மதமுங்க," என்றாள்.

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து கண்ணாயியோடு பழம் பறித்தாள். மத்தியானம் கூடை நிறைந்ததும் கண்ணாயி துணியைச் சும்மாடாகச் சுருட்டி அவள் தலையில் வைத்து, மேலே கூடையை ஏற்றிவிட்டாள். முதல் இருபது அடியிலேயே கழுத்து உள்ளே இறங்கியதுபோல இருந்தது. அரை மைலில் முழங்கால் நடுங்கிற்று. ஒரு மைலில் கண் இருட்டிற்று. 'தலைச்சுமை, நாலு மைல், ஏற்றம்.' நாலு நகலிலும் பிழையில்லாமல் அடித்திருந்தாள். கண்ணாயி தன் கூடையோடு முன்னால் போனாள். அவள் கூடை இதைவிடப் பெரியது. எங்கே நிற்கலாம், எந்தப் பாறையில் கூடையைச் சாய்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். வழியில் நாலு இடத்தில் நின்றார்கள். நாலும் ஞானசுந்தரிக்காகத்தான்.

மாரமங்கலத்து ரோட்டில் தராசு கட்டிக்கொண்டு வியாபாரி உட்கார்ந்திருந்தார். அன்று விலை முந்தின நாளைவிடக் குறைவு என்றார். ஏன் என்று கண்ணாயி கேட்கவில்லை. ஞானசுந்தரிக்குக் கேட்கத் தோன்றியது, மூச்சு இல்லை. கூடையை இறக்கிவிட்டு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். தலைமுடி பழச் சாற்றில் ஒட்டிப்போயிருந்தது. வியாபாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆருங்க இது? புது ஆளா இருக்குது."

"எங்கூருதானுங்க," என்றாள் கண்ணாயி. "நீங்க நிறுங்க."